ஹாலிபாக்ஸ் நகரத்துச் சிரச்சேத யந்திரம்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பிரதேசத்திலே, கம்பளித் துணியினால் ஜீவித்து வந்த ஹாலிபாக்ஸ் பட்டணத்தில், 13½ பென்ஸோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள பொருளைத் திருடியவன் கையும் களவுமாக அகப்பட்டாலும், தானே குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், சிரச்சேதத்துக்கு உள்ளாவான் என்னும் ஸ்தலச் சட்டம் நெடுங்காலம் அமலில் இருந்தது. அதைக் குறித்து 1708-இல் லண்டனில் அச்சான சிறு நூல், வில்லியம் பென்ட்லி என்பவரின் பெயரோடு வெளிவந்ததாயினும், அதை எழுதியவர் கடனுக்காகச் சிறைப்பட்டிருந்த சாமுவேல் மிட்ஜ்லி என்னும் வைத்தியரே என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தம் உழைப்பு அச்சேறுவதைக் காணாமலே அவர் மறைந்தது பரிதாபம்.

இத்தண்டனைக்குரிய யந்திரத்திலே, நாட்டப்பட்ட இரண்டு மரத்தூண்களுக்கிடையே கனத்த கட்டையில் பொருத்திய கோடரி அலகு, முளையைப் பிடுங்கியதும் கயிறு நழுவி, கீழே கிடப்பவன் கழுத்தில் விழும். கூடியிருந்த ஜனங்களே அக்கயிற்றில் கைவைப்பார்கள் என்றும், களவு போனது ஆடோ மாடோ ஆனால் அப்பிராணியைக் கொண்டே முளையை இழுப்பித்தார்கள் என்றும் பழைய குறிப்புக்கள் கூறுகின்றன. பிரான்ஸ் தேசத்தில் கில்லட்டின் தோன்றியதற்கு வெகுகாலம் முந்தியது இந்த யந்திரம்.

மேற்சொன்ன சிறு நூலின் உயிர்நிலை, 1650-ஆம் வருஷத்து இறுதி விசாரணையே. பழுப்புக் கம்பளித்துணியும் இரண்டு குதிரைகளும் திருடிய இருவர் விஷயத்தில், துணியில் 9 கஜத்துக்கு 9 ஷில்லிங், குதிரைகளுக்கு 48-உம் 60-உம் என்று ஊரார் நிதானமாக விலைமதித்து, அந்த மதிப்பின்மேல் இரண்டு உயிர்களை வாங்கிய கொடுமையை அது விவரமாகப் பதிந்திருக்கிறது.