மின்னஞ்சல் பிள்ளையுடையது, கணக்கு பெற்றோருடையது

அமெரிக்கக் கல்லூரி அணியில் யாருக்கு இடம் என்பதைப் பயிற்சியாளரே முடிவு செய்கிறார். ஆட்டத்தைப் பார்ப்பார், வீடியோ கேட்பார், பிறகு பேசிப் பார்ப்பார். இந்தப் பேச்சில்தான் பெற்றோர் தலையிட்டுக் காரியத்தைக் கெடுப்பதுண்டு. பதினாறு வயது மகள் பெயரில் அப்பா எழுதிய மின்னஞ்சலை நடையே காட்டிக்கொடுத்துவிடும்.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, முதல் பிரிவில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை பயிற்சியாளர் ரெக்ரூட்டிங் பற்றிப் பேசக் கூடாது. பெற்றோர் வழியாகப் பேசியும் இதைத் தாண்ட முடியாது. விதி அவர்களுக்கும் பொருந்தும். தேதி கடந்து அழைப்பு வரும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக்கொடுக்க வேண்டாம். வீட்டைவிட்டு வந்து, தோற்று, காயம்பட்டு, பெஞ்சில் உட்கார நேர்ந்தாலும் இந்தப் பிள்ளை தாக்குப்பிடிக்குமா என்றுதான் பயிற்சியாளர் பார்க்கிறார். போட்டியில் நடுவரிடம் கத்தும் அப்பாவும் அவர் கண்ணில் படாமல் போவதில்லை.

அப்படியானால் ஒதுங்கிவிடுவதா? பணம் என்று வந்தால் கூடாது. அந்தக் கேள்விகளைப் பிள்ளை தலையில் கட்டுவது கோழைத்தனம். உயர்நிலைப் பள்ளி வீரர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கே விளையாட்டு உதவித்தொகை கிடைப்பதாக என்.சி.ஏ.ஏ. சொல்கிறது, அதிலும் பலருக்குச் செலவில் ஒரு பங்குதான். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஐவி லீகில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும் உண்டு. தொகை ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா? காயம்பட்டால் தொடருமா? இவற்றைப் பெற்றோர் நேரடியாகக் கேட்கலாம், பதிலை எழுத்தில் வாங்கலாம். வாய்மொழிச் சம்மதம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. முதல் பிரிவுக்குத் தேவையான 16 அடிப்படைப் பாடங்களை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சரிபார்ப்பதும் பெரியவர்கள் வேலைதான்.

2025-இல் நீதிமன்றம் ஏற்ற ஒரு வழக்குத் தீர்வு கணக்கை மாற்றியது. அதில் சேர்ந்த கல்லூரிகளில் உதவித்தொகைக்கு இருந்த எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது. உதவித்தொகை இல்லாமலாவது சேர்ந்துவிடலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அடி.

பெற்றோரே எல்லாவற்றையும் ஓட்டினால் எங்கே போய் நிற்கும் என்பதை 2019-இல் அம்பலமான ‘வார்சிட்டி புளூஸ்’ கல்லூரிச் சேர்க்கை மோசடி வழக்கு காட்டியது. ரிக் சிங்கர் என்ற இடைத்தரகர் வழியாகப் பணம் கொடுத்து, படகு வலிக்காத பிள்ளைகளைக்கூடத் துடுப்பு வீரர்களாகக் காட்டினார்கள். தங்கள் பெயரில் நடந்தது சில பிள்ளைகளுக்கே தெரியாது.

ஒரு கேள்வியைப் பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்டுப் பயனில்லை, சாப்பாட்டு மேசையில் பிள்ளையிடம் கேட்கலாம்: இந்தப் பயிற்சியாளர் அடுத்த ஆண்டே வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், அப்போதும் இந்தக் கல்லூரியில் படிக்க உனக்கு இஷ்டமா?