நழுவும் தோளும் நிலைநிறுத்தும் சத்திரசிகிச்சையும்

துணை நிற்பதைத் தோள்கொடுத்தல் என்பது தமிழ் வழக்கு. அத்தோளே நிலைகொள்ளாது நழுவுமாயின் என் செய்வது? பனிச்சங்கேணி வாவியில் வீச்சுவலை எறியும் எம் பழைய மாணவர் ஒருவருக்கு நேர்ந்தது இதுவே. பள்ளி நாளிற் கரப்பந்தாட்டத்தின்போது முதன்முறை விலகிய தோள், பின்னர் வலையை ஓங்குந்தோறும் விலகலாயிற்று. அன்று, "ஒன்றுமில்லை, விளையாடு" எனத் தேற்றி அவரை மீண்டும் களத்தில் இறக்கியவர்களுள் நாமும் அடங்குவோம். அவ்வறியாமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது; அதனை ஏந்தும் தோட்பட்டைக் குழியோ சிறிது, ஆழமற்றது. சிறு தட்டின்மேல் தேசிக்காயை வைத்தாற் போன்றது அது. ஆதலாற்றான் கை எத்திசையும் சுழல்கின்றது. எளிதில் நழுவவுஞ் செய்கின்றது. தலை முன்புறமாக விலகுந்தோறும் குழியின் விளிம்பு தேய்தலும் உடைதலும் கூடும். உருண்டையின் பின்புறத்திலும் பள்ளம் விழும். அப்பள்ளத்தை 1940இல் ஹில், சாக்ஸ் என்னும் கதிர்ப்பட வைத்தியர் இருவர் விரித்துரைத்தனர்.

கிழிந்த இழையங்களை விளிம்போடு மீளத் தைக்கும் முறையை இங்கிலாந்தின் பாங்கார்ட் 1923இல் வெளியிட்டார். எலும்பு குன்றாதவிடத்து அது போதும். குழியின் அகலத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ போயின், தையல் மட்டும் தாங்குதல் அரிது. விளிம்பிழந்த தட்டிற்கு விளிம்பே வேண்டும்.

1954இல் பிரான்சு நாட்டு லத்தார்ஷே கூறிய முறை அதனைத் தருவது. தோட்பட்டையின் முன்னே காக்கையலகு போல் வளைந்த முளையை, அதிற் பொருந்திய தசைநாண்களோடு வெட்டியெடுத்து, குழியின் முன்விளிம்பில் திருகாணிகளாற் பொருத்துவர். எலும்பு குழியை அகலச் செய்யும். கையை ஓங்கும்போது தசைநாண்கள் ஏணைச்சீலை போலத் தலையைத் தாங்கும். இழப்பு மிகின் இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து வைப்பதும் உண்டு. உருண்டையின் பள்ளம் பெரிதாயின், பின்புறத் தசைநாணை அதனுள் தைத்து நிரப்புவர்.

இடர்களும் உள. அயலிலுள்ள நரம்பு ஊறுபடலாம். வைத்த எலும்பு ஒட்டாதிருக்கலாம். காலப்போக்கில் மூட்டுத் தேயலாம். எலும்பு ஒட்டச் சில மாதங்கள் செல்லும். பயிற்சியும் பொறுமையும் வேண்டும். எம் மாணவர் தையலோடு அமையுங் காலத்தைக் கடந்தே வைத்தியரை நாடினார். எலும்பு வைத்துப் பொருத்த நேர்ந்தது. இன்று மீண்டும் வலை வீசுகின்றார்.

ஆசிரியர்காள், மாணவர்காள்! விலகிய தோளைக் களத்திலே இழுத்துவிட முயலாதீர். நரம்பும் எலும்பும் சிதையக்கூடும். கையை அசையாது துணியால் ஏந்திக் கட்டி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். மீண்டும் விலகிய தோளை எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காட்டுங்கள். மறைத்த ஒவ்வொரு நழுவலும் விளிம்பின் ஒரு துணுக்கை உண்டுவிடக் கூடும்.