தை முகூர்த்தமும் சீனப் புத்தாண்டும்

விருதுநகர் மாவட்டத்து எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி பக்கமிருந்து சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போன பிள்ளை, அங்கே ஒரு சீனப் பெண்ணைக் கைப்பிடிக்கிறான் என்று வையுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி நம் ஊரில் கல்யாணம் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். அந்தப் பண்டிகை அமாவாசையை ஒட்டிப் பிறந்து, பதினைந்தாம் நாள், பௌர்ணமி நெருங்க, விளக்குத் திருவிழாவோடு முடிகிறது. அத்தனையும் நமக்கு வளர்பிறை! 2025இல் ஜனவரி 29, நம் தை அமாவாசையன்றே அது வந்தது. 2027இல் பிப்ரவரி 6. அதன்பின் தையிலேயே முகூர்த்தம் பார்க்க நாள் மிச்சமிருக்கும். நாம் ஆடியில் கல்யாணம் வைக்காதது போல, சீனர்களும் தங்கள் ஏழாம் மாதத்தைத் தவிர்ப்பவர்கள். அது ஆவிகளுக்குப் படையலிடும் மாதம்.

கவனமாக இருக்க வேண்டியது மொய்யில்தான். நாம் 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்த்து வைப்போம். அவர்களுக்கு இரட்டைப்படையே மங்கலம், அதிலும் நான்கு ஆகாது, எட்டு விசேஷம். பணத்தைச் சிவப்பு உறையில் வையுங்கள். வெள்ளை உறை துக்க வீட்டுக்கு உரியது. பெண் வீட்டாரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

மணமக்கள் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்து வணங்கும் சடங்கு, நம் ஆசீர்வாதத்துக்கு முன்போ பின்போ அழகாகப் பொருந்தும். ஆச்சி, தாத்தா எல்லோரையும் அதில் உட்கார வையுங்கள்.

அவர்கள் வழக்கத்தில் பட்டாசும் உண்டு. ஆனால் சிங்கப்பூரில் பொதுமக்கள் பட்டாசு வெடிக்க 1972 முதல் தடை. நமக்கோ சிவகாசி இதே விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது.