காயத்தின் வாயைக் கட்டும் சுருக்குக் கயிறு

உயர்தரம் படிக்கும் என் மகளிடம் தமிழ்நாட்டில் அச்சான ஒரு விஞ்ஞானப் புத்தகம் இருந்தது. புரட்டிப் பார்த்தேன். காயங்களை ஆற்றுவது செல்கள்தான் என்று அதில் எழுதியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல் என்றால் எமக்கு வானத்தால் கூவிக்கொண்டு வருவது. 2009இல் வன்னியில் என் இடது முழங்கையின் உட்பக்கத்தைக் கிழித்ததும் அதுதான்.

மகள் சிரித்தாள். "அம்மா, எங்கட புத்தகத்தில கலம் எண்டு இருக்கிறதைத்தான் இந்தியாவில செல் எண்டு எழுதுவினம்."

அப்படியானால் என் கையை மூடிய கலங்கள் என்னதான் செய்தன? மகளோடு இருந்து படித்து அறிந்ததை உங்களோடும் பகிர விரும்புகிறேன்.

மணிகளும் மாலையும்

எமது கலங்களுக்குள் அக்ரின் என்றொரு புரதம் உண்டு. அது உதிரி மணிகளாகக் கிடக்கும். தேவை வந்தால் மாலைபோலக் கோர்த்து இழையாகும். வேலை முடிந்ததும் திரும்ப உதிர்ந்துவிடும். கலத்தின் வடிவத்தைத் தாங்குவதும் அதனை நகர்த்துவதும் பெரும்பாலும் இந்த இழைகளே.

ஒரு கலத்தின் சவ்வு கிழிந்தால் வெளியிலிருக்கும் கல்சியம் உள்ளே பாய்கிறது. அதுதான் அபாய மணி. உள்ளிருக்கும் நுண்ணிய பைகள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. அடுத்து, கட்டளையிடும் இரண்டு புரதங்கள் காயத்தைச் சுற்றி இரண்டு வளையங்களாக நிற்கின்றன. வெளிவளையம் அக்ரினைக் கோர்க்கச் சொல்கிறது. உள்வளையம் மயோசின் என்னும் புரதத்தைக் கொண்டு அதனை இழுக்கச் சொல்கிறது. தவளையின் முட்டைக் கலத்தில் இதனை 2005இல் ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். எங்கள் அம்மம்மாவின் வெற்றிலைச் சுருக்குப்பை நினைவிருக்கிறதா? கயிற்றை இழுத்தால் வாய் மூடும். அதேதான்.

கலங்கள் கூட்டாகவும் இதைச் செய்கின்றன. கோழிக்குஞ்சின் கருவில் செட்டைத் தோலை ஆய்ந்த போல் மார்ட்டினும் ஜூலியன் லூயிஸும், காய விளிம்பில் நிற்கும் கலங்கள் அடுத்தடுத்துக் கைகோர்த்து ஒரே அக்ரின் கயிறாகி இழுப்பதை 1992இல் வெளியிட்டார்கள்.

ஊர்ந்து வரும் தோல்

வளர்ந்த எங்கள் உடலில் மேற்றோல் கலங்கள் ஊர்ந்து வந்தே காயத்தை மூடுகின்றன. முன்பக்கம் அக்ரின் இழையை வளர்த்துச் சவ்வைத் தள்ளித் தள்ளி நகரும். காய்ந்து பொருக்குக் கட்டிய காயத்தில் அவற்றுக்குப் பாதை கடினம். ஈரப்பதத்தோடு மூடிவைத்த காயம் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் தோல் மூடுவதை ஜோர்ஜ் வின்ரர் 1962இல் பன்றிகளில் கண்டார். ஆகவே கோப்பித்தூள் அப்புவதை விடுங்கள். சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, வைத்தியரிடம் காட்டுங்கள். நீரிழிவு இருந்தால் சீனியைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். இரத்தத்தில் சீனி கூடினால் காயம் ஆறப் பிந்தும்.

கயிறு அவிழாவிட்டால்

ஆழமான காயத்தில் இன்னொரு வகைக் கலங்கள் அக்ரினை நிறையக் கோர்த்துக்கொண்டு சதைபோல் சுருங்கி விளிம்புகளை நெருக்குகின்றன. கபியானி என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1971இல் இதனை விளக்கினார்கள். வேலை முடிந்ததும் அவை மறைய வேண்டும். மறையாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் தழும்பு தடித்து இறுகும். மூட்டுக்கு மேல் என்றால் மூட்டே மடங்கிவிடும்.

எனக்கு நடந்ததும் அதுவே. முகாமில் நோவுக்குப் பயந்து மாதக்கணக்காகக் கையை மடித்தே வைத்திருந்தேன். நீட்டு என்று சொல்ல ஆளில்லை. காயம் ஆறியது, கை நிமிரவில்லை. அப்போது கைக்குழந்தையாயிருந்த மகளை ஒரு கையால்தான் தூக்கினேன். பின்னர் ஒரு இயன்மருத்துவர் காட்டித்தந்தபடி தினமும் தேங்காயெண்ணெய் பூசி, தழும்பை மெல்லத் தடவி, கையை நீட்டிப் பழகினேன். நோவில் கண்ணீர் வரும். 2014இல் ஒரு காலை, பள்ளிக்குப் புறப்பட்ட மகளின் தலையை இரண்டு கையாலும் பின்னி முடித்தேன். கை இன்றும் முழுதாக நிமிராது. ஆனால் பின்னல் நேராகவே வந்தது.

சகோதரிகளே, காயம் ஆறிய கையோ காலோ மடங்கி இறுகுவதாகத் தெரிந்தால் விதி என்று இருந்துவிடாதீர்கள். பயிற்சியும், சிலவேளை சத்திரசிகிச்சையும் உதவும். நாள் பிந்தாமல் கிளினிக்கில் காட்டுங்கள். கயிற்றை இழுத்துக் காயத்தை மூடியது எம் உடல். அதனைத் தளர்த்தும் வேலையில் எம் பங்கும் உண்டு.