காது மெஷின் வாங்குமுன்: துப்பாக்கி சுடும் வணிகர்களுக்குச் சில விவரங்கள்

நம் வணிகர்களில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. அடகுக் கடை, நகைக் கடை, அரிசி மண்டி என்று ரொக்கம் புழங்கும் தொழிலில் தற்காப்புக்காக வாங்கியவர்கள் அவர்கள். தேர்தல் தேதி அறிவித்தவுடன் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்களும் அவர்களே. இவர்களில் சிலருக்கு அது நாளடைவில் விளையாட்டாகி, ரைபிள் கிளப்பில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை குறிபார்த்துச் சுடுவதில் ஈடுபாடு வந்துவிடுகிறது. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது அதன் செலவுக் கணக்கு வேறு விதமாக வந்து நிற்கிறது.

"அண்ணாச்சி, சுக்கு அம்பது கிராம் குடுங்க" என்று கேட்டால் உப்புப் பாக்கெட்டை எடுத்து வைக்கிறார். பக்கத்தில் நிற்கும் பையன் சிரிக்கிறான். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிப் போகிறது. "ஏம்மா, வாய்க்குள்ளேயே பேசுறே? சத்தமாச் சொன்னா என்ன?" என்கிறார். அந்தப் பெண் சத்தமாகத்தான் சொன்னாள்.

இது வயதானதால் வரும் மந்தம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கிச் சத்தத்தால் வரும் கேட்புக் குறைவு ஒரு தனி ரகம். நம் காது பல சுருதிகளைக் கேட்கிறது. கனமான, தாழ்ந்த சுருதிகளும் உண்டு. மெல்லிய, உயர்ந்த சுருதிகளும் உண்டு. வெடிச் சத்தம் முதலில் தின்பது உயர்ந்த சுருதிகளை, அதிலும் 4000 ஹெர்ட்ஸ் அளவை ஒட்டிய பகுதியை. பேச்சில் உயிரெழுத்துக்கள்தான் கனமானவை, அவை நன்றாகக் கேட்கும். ச, த, ப போன்ற எழுத்துக்களின் சன்னமான ஒலிதான் நழுவிப் போகும். சுக்கிலும் உப்பிலும் உகரம் ஒன்றுதான், மெய்கள்தான் வேறு. அதனால் மனிதர் பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன பேசுகிறார் என்பது புரிவதில்லை. பெண்கள், குழந்தைகளின் குரலில் இது அதிகமாகத் தெரியும். மளிகைக் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தானே.

டெசிபெல் என்னும் அளவு தராசில் எடை கூடுவது போல் கூடுவதில்லை. 10 டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். 22 ரைபிளின் சத்தம் சுடுபவர் காதருகில் 140 அளவுக்கு வரும். அந்த வேட்டு நீடிக்கும் கண நேரத்தில் அதன் ஆற்றல் பேச்சைப் போல் 10 கோடி மடங்கு. 12 போர் ஷாட்கன்னும் பெரிய கைத்துப்பாக்கிகளும் 150-க்கு மேல், 160 வரைகூடப் போகும். தொழிற்சாலைகளுக்கான விதிகளில் வெடி போன்ற திடீர்ச் சத்தத்துக்கு உச்ச வரம்பு 140. நம் கடைகளில் தீபாவளிக்கு விற்கும் பட்டாசுக்கே 1999-ஆம் ஆண்டு வந்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி உச்ச அளவு 145-ஐத் தாண்டக் கூடாது. துப்பாக்கியோ கன்னத்தோடு ஒட்டி இருக்கிறது.

எண்ணிக்கையையும் பாருங்கள். களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் டிராப் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டுவரை சுடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டவர் நம் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான். ஒரு போட்டிக்கே இத்தனை வேட்டு என்றால் அதற்கு முந்தைய பயிற்சிக்கு எத்தனை! பக்கத்தில் நிற்பவர் சுடுவதும் நம் காதில்தான் விழுகிறது. ஏர் ரைபிள் சுடுபவர்களுக்கு இந்தக் கவலை வெகுவாகக் குறைவு.

நம் பகுதிக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதல்ல. சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் அனுமந்தபுரத்தில் ராணுவப் பயிற்சித் தளம், ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் சுடுதளம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு எழும்பூரில் ரைபிள் கிளப். பழைய காலத்தில் ஏரிக்கரைகளில் பறவை சுடுவதும் விளையாட்டாக நடந்தது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொக்கு, நாரைகளைச் சுட்டபோது, அவற்றின் எச்சத்தால் வளம் பெற்ற வயல்களின் சொந்தக்காரர்கள் திரண்டு போய், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் துரையிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியதாக வரலாறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி இப்போது பறவை வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. இன்று விளையாட்டு என்றால் அனுமதி பெற்ற சுடுதளம் மட்டுமே.

இனி காது மெஷின் விஷயத்துக்கு வருவோம். கடைக்குப் போய் "நல்லதா ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் சாமான் அல்ல இது. முதலில் பரிசோதனை. காது மூக்கு தொண்டை டாக்டர் காதைப் பார்த்து, அழுக்கோ சீழோ ஓட்டையோ இல்லை என்று சொல்ல வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. பிறகு ஆடியாலஜிஸ்ட், அதாவது செவிப்புலன் நிபுணர், இரண்டு காதுக்கும் தனித்தனியாக வரைபடம் எடுப்பார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. சுட்ட அன்றோ மறுநாள் காலையோ பரிசோதனைக்குப் போகாதீர்கள். வேட்டுச் சத்தத்துக்குப் பின் காது சில மணி நேரம் மரத்துப் போயிருக்கும், வரைபடம் தப்பாக வரும். இரண்டு நாள் அமைதியாக இருந்துவிட்டுப் போங்கள்.

வலது தோளில் வைத்து ரைபிள் சுடுபவர்களுக்குப் பெரும்பாலும் இடது காதுதான் அதிகம் கெடுகிறது. தலையைச் சாய்த்துக் குறிபார்க்கும்போது இடது காது குழல் வாய்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. வலது காது தலையின் மறைவில் இருக்கிறது. ஆகவே இரு காதுக்கும் ஒரே அமைப்பு வைத்துக் கொடுப்பவரிடம் வாங்க வேண்டாம். ஆனால் இரண்டு காதுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால், "துப்பாக்கியால்தான்" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் குறைவதற்கு வேறு நோய்களும் காரணமாகலாம். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். திடீரென்று ஒரு காது அடைத்துப் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அடுத்து, பலரும் ஏமாறும் இடம். "இதில் திடீர்ச் சத்தத்தைத் தானே குறைக்கும் வசதி இருக்கிறது, இதைப் போட்டுக்கொண்டே சுடலாம்" என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த வசதி உண்மைதான். எண்ணெய் டின் கீழே விழுந்தால், கதவு அறைந்தால் அதை மெஷின் பெரிதாக்காமல் அடக்கும். ஆனால் அது அடக்குவது தான் பெரிதாக்கும் ஒலியை மட்டுமே. உயர்ந்த சுருதி மட்டும் குறைந்தவர்களுக்குக் காதை முழுவதும் அடைக்காமல், ஓட்டை உள்ள மெல்லிய குமிழ்தான் பொருத்துவார்கள். அப்போதுதான் தன் குரல் பானைக்குள் பேசுவது போல் கேட்காது. அந்த ஓட்டை வழியாகத் துப்பாக்கிச் சத்தம் தடையின்றி உள்ளே போகும். மெஷினை அணைத்து வைத்தாலும் அது காது கவசம் ஆகாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வதும் போதாது.

ஆக, சாமான் இரண்டு வேண்டும். மெஷின் கல்லாவுக்கு, கவசம் சுடுதளத்துக்கு. சுடும் இடத்தில் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, நுரைப்பஞ்சு அடைப்பானை உருட்டிக் காதுக்குள் செருகி, மேலே ஹெட்போன் போன்ற காது மூடியையும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது; இரண்டில் வலுவானதைவிட 5 டெசிபெல் அளவே கூடும். இருந்தாலும் 12 போர் சுடுபவர்களுக்கு அந்த 5 தேவைதான்.

"காதை இப்படி மூடிவிட்டால் தள அதிகாரி 'நிறுத்து' என்று சொல்வது எப்படிக் கேட்கும்?" நியாயமான கேள்வி, உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. இதற்கு மின்னணுக் காது மூடி இருக்கிறது. வெளியே சிறு மைக் வைத்து, பேச்சை உள்ளே கொடுக்கும். சத்தம் 85 டெசிபெலை நெருங்கினால் அதற்கு மேல் கொடுக்காது. நடுத்தரக் குறைவு உள்ளவருக்கு மெஷின் இல்லாமல் இதுவே போதுமானதாக இருக்கும். இன்னும் அதிகக் குறைவு உள்ளவர்கள் மூடிக்குள் மெஷினையும் போட்டுப் பார்ப்பதுண்டு, ஆனால் பல நேரம் அது கீச்சென்று கத்தும். அவர்களுக்குக் கொடி, விளக்கு, தோளைத் தொடும் துணை ஆள் என்று தளத்தில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதே மேல். போட்டியில் கலந்துகொள்பவர்கள் மைக் உள்ள மூடிக்கு அனுமதி உண்டா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். காது கேளாமை இந்த விளையாட்டுக்குத் தடையல்ல. 2022-இல் பிரேசிலில் நடந்த காதுகேளாதோர் ஒலிம்பிக்கில் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர் ஐதராபாத்தின் தனுஷ் ஸ்ரீகாந்த். அந்தப் போட்டிகளில் களத்தில் மெஷின் அணியவே கூடாது என்பது விதி.

சரி, கல்லாவுக்கான மெஷினை எப்படிப் பார்த்து வாங்குவது? ஆடியாலஜிஸ்ட் அறை அமைதியாக இருக்கும். அங்கே எல்லா மெஷினும் நன்றாகத்தான் கேட்கும். நம் கடை அப்படியா? விலை உயர்ந்த மெஷின்களில் முன்னால் இருப்பவர் பேச்சை எடுத்துப் பின்னால் வரும் இரைச்சலைக் குறைக்கும் மைக் உண்டு. ஹோட்டலில் சுவரோரம் உட்கார்ந்து பேசுபவருக்கு இது வரப்பிரசாதம். மளிகைக் கடைக்காரருக்கோ வாடிக்கையாளரும் முன்னால்தான், ஜி.எஸ்.டி. சாலை லாரி ஹாரனும் முன்னால்தான். (வரியைச் சொல்லவில்லை, சாலையைத்தான் சொல்கிறேன்.) அதனால் அந்த வசதிக்கு அதிகப் பணம் கொடுக்குமுன் சில நாள் கடையில் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். சந்தை நாளில், பின்னால் மாவு அரைக்கும் மெஷின் ஓடும்போது, போனில் சரக்கு சொல்லும்போது எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். சோதனைக்குக் கொடுக்க மறுப்பவரிடம் வாங்குவானேன்?

மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை, உப்புக் காற்று. வியர்வையும் ஈரமும் மெஷினின் முதல் எதிரி. ஐபி 68 என்று போட்டிருந்தால் தூசியும் நல்ல தண்ணீரும் தாங்கும் என்று பொருள். கடல் உப்பைத் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. இரவில் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் வந்த பழைய ஜெல் பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், அது உதவாது. கல் சிற்பக் கூடங்களில் அறுப்பு மெஷின் ஓடும் தெருவில் கடை இருந்தால், தூசி அடைக்காத வலையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். அங்கே மெஷினைவிடக் காது அடைப்பான்தான் முதல் தேவை.

பொத்தான் பேட்டரிகள் காற்றைக் குடித்து வேலை செய்பவை. ஸ்டிக்கரை உரித்தவுடன் உயிர் வந்துவிடும். திரும்ப ஒட்டினாலும் முழுதாக நிற்காது. எனவே ஆறு மாதத்துக்குச் சேர்த்து உரித்து வைக்காதீர்கள். பேட்டரியைக் கல்லாவில், மிட்டாய் ஜாடி பக்கத்தில் வைக்கவே கூடாது. குழந்தை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கும் விஷயமல்ல, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து. இரவில் சார்ஜ் செய்யும் ரகத்தில் இந்தத் தொல்லை குறைவு.

விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சங்கள் வரை போகிறது. சேனல் எண்ணிக்கையைக் காட்டி விலை ஏற்றுவது இந்தத் தொழிலின் வழக்கம். எத்தனை சேனல் என்பதைவிட, உங்கள் வரைபடத்துக்கு ஏற்ப அமைத்துத் தரப்பட்டதா, திரும்பத் திரும்பப் போனாலும் முகம் சுளிக்காமல் சரிசெய்து தருவார்களா, ரிப்பேருக்கு எங்கே அனுப்புவார்கள் என்பதையே கேளுங்கள். பில் வாங்காமல் வராதீர்கள். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது; பேட்டரிக்கு உண்டு. பில்லில் மெஷினுக்கு வரி போட்டிருந்தால் அங்கேயே கேட்டுவிடலாம், அந்தக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல.