மொழிகளின் அடையாளக் குறி

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் என்னும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள் திருப்பாவையைத் தமிழில் அருளினார். அவர் வரலாற்றை விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர், 16-ஆம் நூற்றாண்டில், 'ஆமுக்த மால்யதா' என்னும் தெலுங்குக் காவியமாக இயற்றினார். இராசபாளையத்திலோ, இல்லத்தில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல உள்ளன.

திருவில்லிபுத்தூரில் 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பென்னிங்டன் நூலகம் உள்ளது. இத்தகைய நூலகமொன்றில் மேற்கூறிய இரு நூல்களையும் கணிப்பொறியில் பட்டியலிட வேண்டுமாயின், ஒவ்வொன்றின் மொழியையும் குறித்தல் வேண்டும். ஒருவர் மொழியின் பெயரைத் தமிழிலும் மற்றொருவர் ஆங்கிலத்திலும் எழுதினால், கணிப்பொறி அவற்றை வெவ்வேறு மொழிகளென்றே கொள்ளும். இக்குழப்பத்தைத் தவிர்க்கப் பயன்படுவதே பன்னாட்டுத் தர அமைப்பின் 639-ஆம் எண் தரமாகும்.

1988-ஆம் ஆண்டில் வெளிவந்த தரத்தில், மொழிகளுக்கு ஈரெழுத்துக் குறிகள் வழங்கப்பட்டன. தமிழுக்கு உரோமன் எழுத்துகளாகிய டி, ஏ என்பனவும், தெலுங்குக்கு டி, ஈ என்பனவும் உரியவை. ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஆண்டாளின் பாசுரம் தெலுங்கு நூல்களிடையே மறைந்துவிடும். பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டும் கருவியும் தமிழைத் தெலுங்கெனக் கருதித் தடுமாறக்கூடும்.

ஈரெழுத்துகளால் 676 குறிகளே அமைக்க இயலும். உலக மொழிகளோ ஏறத்தாழ 7,000. ஆகவே மூவெழுத்துக் குறிகள் தோன்றின. அவற்றால் 17,576 குறிகள் அமைக்கலாம். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பகுதி, உலக மொழிகள் அனைத்தையும் தழுவ முயன்றது.

இக்குறிகளின் இயல்பை இரு மொழிகளை ஒப்பிட்டு உணரலாம். எசுப்பெராந்தோ என்பது 1887-ஆம் ஆண்டில் சாமன்காஃப் என்னும் மருத்துவர் ஆக்கி வெளியிட்ட மொழி. அதற்கெனத் தனி நாடு இல்லை. கசாக்கு மொழியோ கசக்கசுத்தானின் அரசு மொழி. பல நூற்றாண்டு வழக்குடையது. ஆயினும் முன்னதற்கு ஈ, ஓ என்றும், பின்னதற்கு கே, கே என்றும் ஒத்த நிலையிலேயே குறிகள் அமைந்தன. மூவெழுத்துக் குறிகளும் அவ்வாறே: முன்னதற்கு ஈ, பி, ஓ, பின்னதற்கு கே, ஏ, இசட். நாடு, தொன்மை, பேசுவோர் தொகை ஆகியவற்றால் இக்குறிகளில் உயர்வு தாழ்வு இல்லை.

மற்றோர் உண்மையும் இதனால் விளங்கும். கசாக்கு மொழி முதலில் அரபு எழுத்திலும், 1929 முதல் இலத்தீன் எழுத்திலும், 1940 முதல் சிரில்லிக் எழுத்திலும் எழுதப்பட்டது. மீண்டும் இலத்தீனுக்கு மாற 2017-ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. எழுத்து எத்துணை முறை மாறினும் மொழிக்குறி ஒன்றே. குறி மொழிக்குரியது, அதன் வரிவடிவத்திற்குரியதன்று.

திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு மலைப்பகுதியில் பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். ஈரெழுத்துப் பட்டியலில் அவர்தம் பேச்சுக்கு இடமில்லை. மூவெழுத்துப் பட்டியலில் பி, சி, எஃப் என்னும் குறி உண்டு. முதியவர் ஒருவர் கூறும் கதையைப் பதிவு செய்து, அக்குறியுடன் சேமித்தால், பின்னாளில் அதனைத் தேடுவோர் தவறாது கண்டெடுப்பர். குறியின்றிச் சேமித்தால், அது பிறமொழிப் பதிவுகளிடையே கலந்து அடையாளம் இழக்கும்.

எனினும் குறி மட்டுமே மொழியைக் காக்காது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும், அழைக்கும்போது விடை கூற மாணவன் வகுப்பில் இருத்தல் வேண்டும் அன்றோ? அதுபோலவே, பட்டியலில் இடமளிப்பது அறிஞர் கடமை. பேசியும் எழுதியும் மொழியை வாழச் செய்வது அதனை உடையவர் கடமை.