சுண்ணாம்பு எத்தனை கிராம்?

டீ ஆறட்டும், நிதானமாகச் சொல்கிறேன். மாங்காட்டில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு கட்டியிருப்பவரிடம் ‘கால்நடை விரிவாக்க ஆராய்ச்சி’ என்று சொன்னால், அது யாருக்கோ உள்ள சமாச்சாரம் என்றுதான் நினைப்பார். மடிநோயை வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

காம்பு வழியாகக் கிருமி உள்ளே போனால் மடி வீங்கும், பால் திரியும். வழக்கமான வைத்தியம் ஆன்டிபயாடிக். மருந்து பாலில் இறங்குவதால் சில நாள் அந்தப் பாலை விற்கக் கூடாது. வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிழைப்பவருக்கு அது பெரிய அடி. கீழே கொட்ட மனம் வராமல் விற்றுவிட்டால் மருந்து நம் பிள்ளைகளின் டம்ளருக்கு வருகிறது. கண்டபடி போட்டுக்கொண்டே இருந்தால் கிருமிகளும் மருந்துக்கு அடங்காமல் போகின்றன.

இதற்கு மாற்றான மூலிகை வைத்தியம் நம் ஊர்களில் பழையது. ஆனால் ‘கொஞ்சம் மஞ்சள், துளி சுண்ணாம்பு’ என்ற கைப்பக்குவம் அடுத்த ஊருக்குப் போவதற்குள் மாறிவிடும். அங்கேதான் ஆராய்ச்சிக்கு வேலை. 1989இல் மாதவரத்தில் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில், பேராசிரியர் புண்ணியமூர்த்தி மடிநோய்க்கான மூலிகைப் பூச்சுக்கு அளவு வகுத்தார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கக் கறந்து, மடியைக் கழுவிவிட்டுப் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள்.

பெங்களூருவின் டிரான்ஸ் டிசிப்ளினரி பல்கலைக்கழகம் இதில் கைகோத்தது. ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரியம் இந்த மருந்தைப் பால் சங்கங்கள் வழியாக, பல மொழிகளில், மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனது. மாடு வளர்ப்போரின் அறிவு, பல்கலைக்கழகத்தின் அளவுகோல், சங்கத்தின் வலைப்பின்னல் மூன்றும் சேராவிட்டால் இந்த மருந்து தஞ்சாவூரைத் தாண்டியிருக்காது என்பது என் எண்ணம்.

ஆராய்ச்சியில் கண்டதை மாடு வளர்ப்போரிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கத்துறைக்காரர்கள் முன்பெல்லாம் ‘சொன்னதை எத்தனை பேர் கடைப்பிடித்தார்கள்?’ என்றே அதிகம் கணக்கெடுத்தார்கள். கடைப்பிடிக்காதவர் விவரம் தெரியாதவர் என்று முடிவு கட்டுவது சுலபம். இப்போது ‘ஏன் முடியவில்லை?’ என்றும் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்தத் திருப்பம்தான். பத்து முறை பூசச் சொல்கிறோம். காலையில் கறந்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறும் பெண்ணுக்கு அது எப்படி முடியும்? தொழுவத்து வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில். பயிற்சிக்கு அழைப்பு மட்டும் வீட்டு ஆண் பெயருக்கு வருகிறது. இந்தக் கேள்விகள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனால்தான், குறைந்த தடவை பூசிப் பலன் தரும் பக்குவம் ஒன்றை யாராவது தேடுவார்கள்.

பயிற்சிக்குக் காட்டுப்பாக்கம் போகச் சொன்னால், நம் ஐயப்பன்தாங்கலை ஒட்டிய காட்டுப்பாக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பண்ணையும் வேளாண் அறிவியல் நிலையமும் பொத்தேரி பக்கம் உள்ள காட்டுப்பாக்கத்தில் இருக்கின்றன. கடைசியாக ஒன்று: மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காமல் படுத்தாலோ, கற்றாழையை நம்பி ஒரு வேளைகூடத் தள்ளிப்போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். பூச்சு போட்டதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.